இத்தாலியப் பாணி வங்கிக் கட்டடத்தைப் பார்த்தறிந்து பதிவு செய்யும் முறை

பழைய வங்கிக் கட்டடம் ஒன்றைப் பார்த்தறியப் புறப்படுபவர் முதலில் அதன் வாசலுக்குப் போகாமல், வீதியின் எதிர்ப்பக்கத்தில் போய் நிற்பதே முறை. கட்டடத்தின் உயரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தூரத்தில் நின்றால், அடியும் உச்சியும் ஒரே பார்வைக்குள் அடங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் எழுந்த இத்தாலியப் பாணி வங்கிகள் அந்தத் தூரத்தில் நின்று பார்ப்பவரை மனத்தில் வைத்தே கட்டப்பட்டன. பல கட்டடங்களில் பின்சுவரும் ஒழுங்கைப் பக்கச் சுவரும் வெறும் செங்கல்லாக இருக்க, செதுக்கிய கல்லும் சாந்து வேலைப்பாடும் வீதியைப் பார்த்த முகத்தில் மட்டும் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் கட்டடக்கலையும் வரலாறும் படிக்கும் மாணவர்களையும், தங்கள் ஊரின் பழைய கட்டடங்களை அளவாகவும் படமாகவும் பதிந்து வைக்க விரும்புவோரையும் எண்ணி இதை எழுதுகிறேன். இப்பாணியை முழு உருவில் காட்டும் வங்கிகள் மான்செஸ்டரிலும் பிரிஸ்டலிலும் உள்ளன. அவற்றின் நல்ல படங்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். நேரில் பார்க்க விரும்புவோருக்குக் கொழும்பு தேசிய நூதனசாலை இருக்கிறது. அது வங்கியன்று என்றாலும், இப்பாணியின் இலக்கணத்தை இலங்கையில் தெளிவாகக் கற்பிக்கும் கட்டடம் அதுவே. அதனை வரைந்த ஜேம்ஸ் ஜோர்ஜ் சிமிதர்தான் 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்ட நமது யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரத்தையும் வரைந்தவர். அங்கே கண்ணைப் பழக்கிக்கொண்டு வந்து, பிரதான வீதியிலும் பெரிய கடைப் பகுதியிலும் எஞ்சியுள்ள பழைய மாடிக் கட்டடங்களைப் பார்த்தால், முன்பு கண்ணில் படாத பல கூறுகள் தெரியவரும்.

வங்கிகள் மாளிகை வடிவத்தைத் தேர்ந்த காரணம்

வடிவத்தை வாசிக்கும் முன் அதன் பிறப்பை அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முகப்பின் ஒவ்வொரு உறுப்பும் வெறும் அலங்காரமாகவே தோன்றும். 1397இல் மெடிச்சி குடும்பத்தார் புளோரன்சில் தமது வங்கியைத் தொடங்கினர். அக்குடும்பத்துக்காக மிக்கலொட்சோ என்னும் கட்டடக்கலைஞர் 1444இல் கட்டத் தொடங்கிய மாளிகையே பிற்காலத்தவர் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்த மூல உருவங்களுள் ஒன்று. அதன் கீழ்த்தள மூலையில் வீதிக்குத் திறந்த வளைவுகள் இருந்தன. 1517ஐ ஒட்டி அவற்றை அடைத்து மைக்கேலாஞ்சலோ வரைந்த யன்னல்களை வைத்தார்கள். 1489இல் தொடங்கப்பட்ட ஸ்திரொட்சி மாளிகையும் வங்கித் தொழில் செய்த குடும்பத்தின் வீடுதான். ஆகவே நாலு நூற்றாண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தின் வங்கிகள் இத்தாலிய மாளிகையைத் தேடிப் போனபோது, தம் தொழிலின் முன்னோர் வீட்டையே தேடிப் போயின என்று சொல்லலாம்.

லண்டனில் அந்த வடிவத்தை நிலைநிறுத்தியவர் சார்ள்ஸ் பரி. பால் மால் வீதியில் அவர் வரைந்த டிரவலர்ஸ் கழகமும், 1841இல் முடிந்த ரிபோர்ம் கழகமும் கோயில் போன்ற தூண்முகப்பைக் கைவிட்டு, சுவரையே அழகின் இடமாக்கின. ரிபோர்ம் கழகத்துக்கு ரோமின் பர்னேசே மாளிகை முன்மாதிரி. இதே காலத்தில் வங்கித் துறையும் மாறிக்கொண்டிருந்தது. 1826இல் இயற்றப்பட்ட சட்டம் லண்டனிலிருந்து 65 மைலுக்கு அப்பால் பங்குதாரர் பலர் சேர்ந்து வங்கி நடத்த இடங்கொடுத்தது. அதுவரை ஊரறிந்த ஒரு குடும்பத்தின் பெயரை நம்பிப் பணம் போட்டவர்கள், இனி முகமறியாத ஒரு கம்பனியை நம்ப வேண்டியிருந்தது. வைப்புப் பணத்துக்குக் காப்புறுதி எதுவும் இல்லாத காலம் அது. வங்கி முறிந்தால் போட்ட பணம் போனதுதான். இலங்கையிலும் 1884இல் ஓரியன்டல் வங்கி கதவடைத்தபோது அதன் நோட்டுகளுக்கு அரசே பொறுப்பேற்க வேண்டி வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து நோட்டு வெளியிடும் வேலையை அரசு தானே செய்தது. இத்தகைய அச்சத்துக்கு நடுவில், நூற்றாண்டுகள் நிலைத்து நிற்கும் என்று தோன்றும் தடித்த கற்சுவர் வங்கிக்கு மிகச் சிறந்த உறுதிமொழியாக அமைந்தது.

அடியிலிருந்து உச்சிவரை வாசித்தல்

இப்போது முகப்பை நோக்குங்கள். கண்ணை அடியிலிருந்து மேலே மெதுவாக உயர்த்திக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து கீழே வந்தால் கட்டடக்கலைஞர் வைத்த ஒழுங்கு குலைந்துவிடும். நம் கோயில்களில் அதிட்டானம், சுவர், கொடுங்கை என்று அடியிலிருந்து எண்ணிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இராது.

முதலில் கீழ்த்தளத்தின் கற்களைப் பார்க்கவும். ஒவ்வொரு கல்லுக்கும் இடையில் ஆழமான பள்ளக்கோடு விடப்பட்டிருக்கும். சில கட்டடங்களில் கல்லின் முகமும் கரடுமுரடாகவே விடப்பட்டிருக்கும். மெடிச்சி மாளிகையில் கீழ்த்தளக் கற்கள் மலையிலிருந்து அப்படியே பெயர்த்து வைத்தவை போல் புடைத்து நிற்க, இரண்டாம் தளத்தில் கல் மட்டமாகிக் கோடு மட்டும் எஞ்சுகிறது; மூன்றாம் தளத்தில் கோடும் மறைந்து சுவர் வழுவழுப்பாகிறது. தளங்களின் உயரமும் மேலே போகப்போகக் குறைகிறது. பாரம் கீழே, மென்மை மேலே என்ற இந்த ஒழுங்கைக் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. கற்கள் உண்மையான கல்லா, அல்லது செங்கல்லின் மேல் பூசிய சாந்தில் கீறிய கோடுகளா என்பதையும் இங்கேயே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். உடைந்த மூலை ஒன்றைத் தேடிப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

தளங்களுக்கிடையே கிடையாக ஓடும் பட்டையை அடுத்துக் கவனிக்கவும். இது ஒரு தளம் முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்டுவதோடு, யன்னல்களின் அடிவரியையும் ஒன்றாகக் கட்டி முகப்பு முழுவதையும் ஒரே நீளமாக்குகிறது.

யன்னல்களில் அதிக நேரம் செலவழியுங்கள், ஏனெனில் இப்பாணியின் வளமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பர்னேசே மாளிகையின் இரண்டாம் தள யன்னல்கள் ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் சிறு தூண்களும் மேலே ஒரு சிறு முகடும் உண்டு. அம்முகடு ஒரு யன்னலில் முக்கோணமாகவும் அடுத்ததில் வில்போல வளைந்தும் மாறிமாறி வருகிறது. சுவரில் பெருந்தூண் எதுவுமில்லாமலே முகப்பில் ஒரு தாளக்கட்டு உண்டாவது இந்த மாற்றத்தால்தான். வங்கிகளைப் பார்க்கும்போது முகடுகள் மாறி வருகின்றனவா, எல்லாம் ஒரே வடிவமா, நடு யன்னலுக்கு மட்டும் தனிச் சிறப்பு உண்டா என்று வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். எந்தத் தளத்தின் யன்னல் மிக உயரமானது என்பதும் முக்கியம். மாளிகையில் வீட்டுத் தலைவரின் கூடம் இருந்த தளத்துக்கு உயரமான யன்னல் கிடைத்தது, வங்கியிலோ வாடிக்கையாளர் வரும் கீழ்த்தளமே சில வேளைகளில் அந்த மதிப்பைப் பெற்றுக்கொண்டது.

உச்சியில் வெளியே நீட்டி நிற்கும் கொடுங்கை இப்பாணியின் கையொப்பம். அதன் பருமன் அது அமர்ந்திருக்கும் மேல்தளத்துக்கு அளவானதன்று, முழுக் கட்டடத்தின் உயரத்துக்கும் அளவானது என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். பர்னேசே மாளிகையைத் தொடங்கிய அந்தோனியோ தா சங்கல்லோ 1546இல் இறந்தபின், உச்சிக் கொடுங்கையை வரையும் பொறுப்பு மைக்கேலாஞ்சலோவிடம் வந்தது. அவர் அதை இன்னும் பெரிதாக்கினார். கொடுங்கையின் அடியில் வரிசையாகத் தாங்குகைகள் இருக்கும். அவற்றின் எண்ணிக்கையும், யன்னல் நடுக்கோட்டோடு அவை பொருந்துகின்றனவா என்பதும் குறிக்கத்தக்கவை. நல்ல கட்டடக்கலைஞர் ஒருவர் கை வைத்த முகப்பில் அவை பொருந்தியே இருக்கும். கூரை தட்டையாக அல்லது மிகச் சாய்வு குறைந்ததாக இருப்பதால் கீழே நிற்பவருக்குத் தெரியாது. மூலைகளில் நீளமும் குட்டையுமாக மாறிமாறி அடுக்கிய மூலைக்கற்கள் இருந்தால் அவற்றையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்த வரிசையில் பார்த்தும் குழப்பம் வருவது பெரும்பாலும் தூண்கள் உள்ள முகப்புகளில்தான். இத்தாலியப் பாணிக்குள்ளேயே இரு குடும்பங்கள் உண்டு. புளோரன்ஸ், ரோம் வழிவந்தவை சுவரை முதன்மையாகக் கொண்டவை. எட்வர்ட் வோல்டர்ஸ் மான்செஸ்டரின் மோஸ்லி வீதியில் 1860ஐ ஒட்டி வரைந்த மான்செஸ்டர் அன்ட் சல்ஃபோர்ட் வங்கி மாளிகை வடிவத்தின் தேர்ந்த எடுத்துக்காட்டு. வெனிஸ் வழிவந்தவையோ தூணும் வளைவும் சிற்பமும் நெருங்கி நிறைந்தவை. பிரிஸ்டலின் கோர்ன் வீதியில் 1850களில் கிங்கெல், லைசட் என்போர் வரைந்த வங்கி, வெனிசில் சன்சொவீனோ 1537இல் தொடங்கிய நூலகத்தைப் பின்பற்றியது. அதன் முகப்பில் ஜோன் தோமஸ் செதுக்கிய குழந்தை உருவங்கள் நாணயம் அடிப்பது, நோட்டு அச்சிடுவது போன்ற வங்கித் தொழில்களையே செய்துகொண்டிருக்கின்றன. என் கண்ணுக்கு மான்செஸ்டரின் அடக்கமே உயர்ந்தது, ஆனால் பிரிஸ்டலின் முகப்பில் வங்கி தன்னைப்பற்றி என்ன நினைத்தது என்பதைக் கல்லிலேயே படிக்க முடிகிறது. அதைக் கட்டிய வங்கி 1878இல் முறிந்துபோனது. கட்டடம் இன்றும் நிற்கிறது.

வாசலும் உள்ளும்

இரு வீதிகள் சந்திக்கும் மூலைக் காணியை வங்கிகள் விரும்பி வாங்கின. இரு முகப்புக் கிடைப்பதோடு வெளிச்சமும் இரு பக்கத்திலிருந்து வரும். வாசல் மூலையிலா நடுவிலா, வங்கி அலுவலர் குடியிருப்புக்குப் பக்கத்தில் வேறு கதவு இருந்ததா என்று பாருங்கள். உள்ளே காசாளர் மேசைகள் இருந்த பெருங்கூடம் இரு தளத்து உயரம் கொண்டதாகவும், மேலே கண்ணாடிக் கூரை வழியாக ஒளி பெறுவதாகவும் இருக்கலாம். மாளிகையின் நடுமுற்றத்தைக் கண்ணாடியால் மூடிப் பரி ரிபோர்ம் கழகத்தில் அமைத்த கூடம் இதற்கு வழிகாட்டி. நாற்சார் வீட்டின் முற்றத்தை அறிந்த நமக்கு, நடுவில் வெளிச்சத்தை இறக்கிச் சுற்றிலும் அறைகளை வைக்கும் இந்த அமைப்பு விளங்கக் கடினமில்லை.

இன்றும் வங்கியாக இயங்கும் கட்டடமானால் முகாமையாளரின் எழுத்து மூல அனுமதி பெற்றே உள்ளே அளக்கவும் படமெடுக்கவும் வேண்டும். பாதுகாப்புப் பெட்டக அறை, கண்காணிப்புக் கமரா, காசாளர் பகுதி ஆகியவற்றைப் படத்திலும் வரைபடத்திலும் விட்டுவிடுங்கள்.

நம் நாட்டுக் கட்டடங்களில் தேடும்போது

இத்தாலியில் சுவர் நேராக வீதியில் வந்து முடிகிறது. இங்கே வெயிலும் மழையும் அதற்கு இடங்கொடுப்பதில்லை. 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையில் வளைவுகளை வரிசையாக வைத்து நிழலையும் காற்றையும் உள்ளே எடுத்த முறையைக் கவனித்தால், இப்பாணி வெப்பநாட்டுக்கு எப்படி இணங்கியது என்பது புரியும். பழைய கட்டடம் ஒன்றில் பருத்த உருண்டைத் தூண்கள் தாங்கும் தாழ்ந்த விறாந்தையும் செங்குத்தான ஓட்டுக்கூரையும் கண்டால் ஒல்லாந்தர் கால மரபை நினைக்க வேண்டும்; அரைவட்ட வளைவு யன்னல்கள், தளங்களைப் பிரிக்கும் சாந்துப் பட்டை, கூரையை மறைக்கும் கைப்பிடிச்சுவர், அதன் கீழ் தாங்குகைகளோடு கூடிய கொடுங்கை ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால் இத்தாலியச் சாயல் என்று எழுதலாம். ஒன்று மட்டும் இருந்தால் எழுதக்கூடாது. ஊர் மேசன்மார் தாம் எங்கோ கண்ட ஓர் உறுப்பைத் தமக்குப் பிடித்த இடத்தில் வைத்திருப்பார்கள். அதுவும் பதிவுக்குரியதே, ஆனால் பாணியின் பெயரை அதன்மேல் ஏற்றுவது தவறு.

அளத்தல்

அளவு நாடா, தூக்குக்குண்டு, சதுரக் கோடிட்ட தாள், பென்சில், கைத்தொலைபேசி ஆகியவை போதும், இருவர் வேண்டும். முதலில் நிலவரைபடத்தைக் கையால் கீறி, ஒரு மூலையில் நாடாவைப் பூச்சியத்தில் பிடித்துக்கொண்டு, தூண், கதவு, யன்னல் ஒவ்வொன்றின் ஓரத்தையும் அதே பூச்சியத்திலிருந்து வாசித்து எழுத வேண்டும். ஒவ்வொரு துண்டாக அளந்து கூட்டினால் சிறு பிழைகள் சேர்ந்து கடைசியில் பெரிதாகிவிடும்.

உயரத்துக்கு இரு வழிகள் உண்டு. முகப்பில் கல்வரிசை அல்லது சாந்துக் கோட்டு வரிசை ஒரே சீராக இருந்தால், கைக்கெட்டும் ஐந்து வரிசைகளை அளந்து ஐந்தால் வகுத்து, மேலே உள்ள வரிசைகளை எண்ணிப் பெருக்கலாம். அவ்வாறு இல்லாவிட்டால் நிழலை அளக்கலாம். 1 மீற்றர் தடியை நிமிர்த்தி நிறுத்தும்போது அதன் நிழல் 60 சென்ரிமீற்றராகவும், அதே நேரத்தில் சுவரடியிலிருந்து கட்டடத்தின் நிழல் 7.2 மீற்றராகவும் விழுமானால் கட்டடத்தின் உயரம் 12 மீற்றர். நிழலை எறிவது சுவரின் விளிம்பன்று, வெளியே நீட்டிய கொடுங்கையின் விளிம்பாகவும் இருக்கலாம். அப்படியானால் கொடுங்கை நீட்டிய அளவைக் கட்டடத்தின் நிழல் நீளத்திலிருந்து கழித்துவிட்டே கணக்கிட வேண்டும், அதற்கு நிழல் முகப்புக்கு நேர் எதிரே விழும் நேரத்தைப் பார்த்து அளப்பது வசதி. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேரே நிற்பதால் அந்நாட்களில் காலையோ மாலையோதான் நிழல் கிடைக்கும்.

கொடுங்கை, பட்டை ஆகியவற்றின் வெட்டுமுகத்தை எடுப்பதில் அவசரப்படாதீர்கள். கைக்கெட்டும் இடத்தில் உள்ள பட்டையில் ஒரு தடித்த கடதாசி மட்டையை நெருக்கிப் பிடித்து, சிறிது சிறிதாக வெட்டி, குழிவும் புடைப்பும் மட்டையில் சரியாகப் பொருந்தும்வரை திருத்துங்கள். வெள்ளை பலமுறை அடிபட்டுக் கூர்விளிம்புகள் மழுங்கியிருந்தால், மழை படாத விறாந்தைப் பக்கத்தில் அல்லது பீலிக்கு அடியில் மறைந்திருந்த இடத்தில் அதே பட்டையின் கூர்மையான துண்டு ஒன்று இருக்கும். அதைத் தேடி எடுங்கள். இந்த மட்டைதான் பின்னர் திருத்த வேலை வரும்போது மேசனுக்கு அச்சாகும். அவர் அதைத் தகட்டில் வெட்டிப் பலகையில் அறைந்து, ஈரச் சாந்தின் மேல் ஒரே இழுவையாக இழுத்துக்கொண்டு போவார். பழைய பட்டைகளும் அப்படி இழுத்தே உருவானவை. இழுத்த தடம் சில இடங்களில் மெல்லிய கோடாக இன்னும் தெரியும்.

சாந்து பற்றி

பதிவு செய்பவர் பார்க்கும் சேதங்களுள் பெரும்பகுதி சீமெந்தால் வந்ததாக இருக்கும். குடாநாட்டின் பழைய சுவர்கள் சுண்ணாம்புக் கல்லும் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. அவை ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டு மூச்சுவிடும். மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, கடற்காற்றின் உப்போடு சேர்ந்து, பூச்சுக்குப் பின்னால் கல்லையே மாவாக்கிவிடும். ஆகவே பெயர்ந்த இடத்தைக் கண்டால் எந்தப் பூச்சு, எத்தனை அடுக்கு, தட்டினால் வெற்றொலி கேட்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். திருத்துவோரிடம் சொல்ல வேண்டியதும் உண்டு: நன்றாகப் புளித்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் ஏறக்குறைய மூன்று பங்காகக் கலந்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசி, நாட்கணக்கில் ஈரச் சாக்கால் மூடிவைக்க வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் சாந்து காற்றிலேயே காய்ந்து வெடித்துவிடும். மாரி ஓய்ந்த தை, மாசியே இதற்கு ஏற்ற காலம்.

பதிவைப் பாதுகாத்தல்

1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே பழம்பெரும் சின்னங்களாகக் கொள்கிறது. இத்தாலியப் பாணிக் கட்டடங்கள் அனைத்தும் அதற்குப் பிந்தியவை. வர்த்தமானியில் தனியே அறிவிக்கப்படாத கட்டடத்தை உரிமையாளர் இடிக்கத் தீர்மானித்தால், நீங்கள் எடுத்த அளவுகளே அதன் ஒரே சாட்சியாக எஞ்சக்கூடும். அதனால் ஒவ்வொரு தாளிலும் திகதி, அளந்தவர் பெயர், வடக்குத் திசை, அளவுகோல் ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஊகித்து வரைந்த பகுதிகளைப் புள்ளிக்கோட்டால் காட்டுங்கள். அளந்ததும் ஊகித்ததும் ஒரே கோட்டில் கலந்தால் பின்னால் வருபவருக்கு முழுத் தாளும் பயன்படாது. உரிமையாளரிடம் காணி உறுதியைப் பார்க்கக் கேளுங்கள். கட்டடம் எழுந்த காலத்தை அதன் எல்லை விவரங்களே சில வேளைகளில் காட்டிக்கொடுக்கும். மூத்தவர்களிடம் உள்ள குடும்பப் படங்களில் பின்னணியாக முகப்பு விழுந்திருந்தால் அதையும் படியெடுங்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஆகையால் வரைபடத்தின் ஒரு படியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கும், மின்வடிவப் படி ஒன்றை நூலகம் எண்ணிம ஆவணக் காப்பகத்துக்கும், மூன்றாவது படியைக் கட்டட உரிமையாளருக்கும் கொடுத்துவிட்டு, வெட்டுமுக மட்டைகளை எந்தப் பட்டைக்கு உரியவை என்று பின்புறத்தில் எழுதி, கறையான் ஏறாத பெட்டியில் நீங்களே வைத்திருங்கள்.